பொட்டு வைத்த விக்டோரியா

நியாயத்துக்கு ஒரு முகவரி இருந்தால் எவ்வளவு வசதி என்று நினைப்பவர்கள் ஹட்டனுக்கு வரலாம். பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் தெருவில், மருந்துக்கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் அது இருக்கிறது. வெளியே நீலப் பலகை தொங்குகிறது. 'பழைய வெள்ளிக் காசு நியாய விலைச் சபை. ஏமாறாதீர்கள்! எங்களிடம் வாருங்கள்!'

நாகலெட்சுமி அந்தப் பலகையை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை அன்றைக்கு மத்தியானமே முடிந்திருக்கும், எனக்கும் எழுதுகிற வேலை மிச்சமாகியிருக்கும்.

அவளுக்கு றொசல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற வேலை. புருஷன் அழகுமுத்துவுக்கு அதே தோட்டத்து பெக்டரியில் தூள் அரிக்கிற இடத்தில் வேலை. இடது கண் போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது வலது கண்ணிலும் புரை படர்ந்து, எதிரே வருவது வேலைக்குப் பேர் போடுகிற கண்டாக்கு ஐயாவா கட்டிவைத்த மாடா என்று தெரியாமல் இரண்டுக்கும் கும்பிடு போடுகிற நிலைமை. ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். ஒப்பரேசன் இலவசம். உள்ளே வைக்கிற லென்சை மட்டும் வெளியே வாங்கிக்கொண்டு, மத்தியானம் ஒரு மணிக்குள் வார்டில் வந்து படுக்க வேண்டும். தவறினால் அடுத்த தேதி ஒன்பது மாதம் கழித்து. அதுவரைக்கும் இந்தக் கண் தாங்காது என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

லென்ஸ் முப்பத்தாறாயிரம். நீலப் பலகைக்குக் கீழே இருக்கிற அதே மருந்துக்கடையில் அதை எடுத்து வைத்திருந்தார்கள்.

வீட்டில் இருந்தது ஒன்பது வெள்ளிக் காசு. அழகுமுத்துவின் பாட்டனாருக்குப் பாட்டனார் கப்பலேறி வந்தபோது இடுப்பில் முடிந்து கொண்டுவந்தவை. ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை. அவர்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளில் அவளுக்கு ராணியம்மா என்று பெயர். பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்த்து, நெற்றியில் குங்குமம் வைத்து, சாமித்தட்டில் வைப்பார்கள். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் விரல் அழுத்தி அழுத்தி, ஒன்பது ராணிகளுக்கும் நெற்றியில் மிளகளவுக்குக் குழி விழுந்து, குங்குமம் அதற்குள் ஏறிக் கறுத்துப்போயிருந்தது.

நகைக்கடை கந்தப்பன் காசுக்கு ஐயாயிரம் தருவதாகச் சொன்னார். ஒன்பது காசுக்கு நாற்பத்தையாயிரம். லென்சும் வாங்கலாம், ஆட்டோவுக்கும் மிஞ்சும். கையை நீட்டியிருக்கலாம். அந்த நேரம் பார்த்துத்தான் பலகை கண்ணில் பட்டது.

"ஏங்க, ஏமாறாதீங்கன்னு எழுதியிருக்காங்க" என்றாள்.

"நம்மளையா சொல்றாங்க?"

"பேரு போடல. ஆனா நம்மளத்தான் சொல்ற மாதிரி இருக்கு."

"கூட ஒரு பத்தாயிரம் கெடச்சா தனுஷிகாவுக்கு சப்பாத்தும் வாங்கிரலாம், நாகு" என்றார் அழகுமுத்து. பேராசை என்று யாராவது சொல்வதானால், மகள் கால்விரல் தெரியப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகிற சப்பாத்தை வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இருவரும் மாடி ஏறினார்கள்.

முதல் மேசையில் கஜனி என்கிற யாழ்ப்பாணத்துப் பெண் இருந்தாள். ஒன்பது காசையும் எண்ணி வாங்கித் துணிப்பையில் போட்டு, வாயைக் கட்டி, ஈய முத்திரை அடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள்.

"இனி இது சபையின்ர பாதுகாப்பில இருக்குது அம்மா. வெளியில ஒருத்தருக்கும் விக்க ஏலாது. உங்கட பெயர்?"

"நாகலெட்சுமிங்க."

"காசில விக்டோரியா எண்டெல்லோ கிடக்குது?"

"அது ராணியம்மா பேருங்க."

"அதுதான் பிரச்சினை. பொருளில ஒருத்தற்ற பெயர் இருந்தால் அவர் உரிமை கோரவில்லை எண்டு கிராம சேவகரிட்டக் கடிதம் வேணும். நான் எழுதின சட்டமில்லை அம்மா." கடைசி வாக்கியத்தைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். சட்டங்களைச் சொல்லும்போதெல்லாம் அவள் அப்படித்தான் சொல்வாளாம்.

புதன்கிழமை விடிந்ததும் நாகலெட்சுமி கிராம சேவகர் வீட்டு வாசலில் நின்றாள். அவர் சிங்களவர், நல்ல மனுஷன். வாக்காளர் பெயர் இடாப்பை விரித்து விரலை ஓட்டினார். விரல் நின்றது.

"ஐயோ அக்கே, விக்டோரியா இருக்குத்தானே. கீழ் டிவிசன்."

இருந்தாள். பிள்ளைக் காம்பராவில் கொழுந்துக்காரிகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற விக்டோரியா மேரி. தொட்டிலை ஆட்டிக்கொண்டே விஷயத்தைக் கேட்டாள்.

"எனக்கு எதுக்குடி ஒன் காசு? எங்கன்னு காட்டு, கையெழுத்துப் போடுறேன். ஆனா ஒண்ணு, நான் செத்துட்டேன்னு மட்டும் எழுத வேணாம்னு அவருகிட்ட சொல்லு. பென்சன் வராமப் போயிரும்."

அப்படியே கடிதம் வந்தது. 'மேற்படி காசில் காணப்படும் விக்டோரியா என்பவர் இப்பிரிவில் வசிக்கவில்லை. இப்பிரிவில் வசிக்கும் விக்டோரியா அக்காசில் காணப்படவில்லை.' நான் படித்த அரசாங்கக் கடிதங்களில் பொய்யே இல்லாத கடிதம் இது ஒன்றுதான்.

அதை எடுத்துக்கொண்டு ஹட்டனுக்கு ஓடினால், இரண்டாவது மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே கோபிசங்கர் என்ற துப்புரவு அலுவலர். கையுறை போட்டுக்கொண்டு பையைப் பிரித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, செவப்பா? அழுக்குக் காசை மேல அனுப்ப ஏலாது. கழுவித் தாங்க. வெளிய கொண்டு போகக் கூடாது, இங்கயே கழுவணும். புளி நீங்கதான் கொண்டுவரணும்."

கீழே போய்ப் புளி வாங்கிவந்து, சபையின் கழிவறைக் குழாயடியில் குந்தி, ஒன்பது காசையும் தேய்த்தாள். கோபிசங்கர் மேற்பார்வை செய்ய வேண்டியவர். தேத்தண்ணி வந்துவிட்டதால் போய்விட்டார். காசுகள் பளபளவென்று வந்தன. குழியில் ஏறிய கறுப்பு மட்டும் போகவில்லை.

வாசலில் நின்ற அழகுமுத்து கேட்டார்: "கழுவிட்டியா? பொட்டு வச்சியா?"

கழுவிய சாமியை வெறும் நெற்றியோடு விடுகிற பழக்கம் அந்த லயத்தில் யாருக்கும் கிடையாது. நாகலெட்சுமி யோசிக்கக்கூட இல்லை. பேர்சுக்குள் கோயில் குங்குமப் பொட்டலம் இருந்தது. ஈர விரலால் தொட்டு, ஒன்பது ராணிகளுக்கும் வரிசையாக வைத்து, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். கோபிசங்கர் உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து பார்க்காமலே பையைக் கட்டி, 'துப்புரவு செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வியாழக்கிழமை காலை மூன்றாவது மேசைக்கும் அவரே வந்து உட்கார்ந்தார். ஆள் பற்றாக்குறையாம். நேற்று எழுதியதை இன்று முதன்முறையாகப் பார்ப்பவர் மாதிரிப் படித்தார்.

"காசைக் கழுவியிருக்கே! பழங்காசைக் கழுவக் கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? கழுவினா பாதி வெல போயிரும்."

"நீங்கதானேங்க கழுவச் சொன்னீங்க!"

"அது ரெண்டாவது மேசை. இது மூணாவது மேசை. கழுவினதுக்கு வெளக்கம் கேட்டு ஒரு கடிதம் தருவோம். பதில் எழுதித் தாங்க."

அழகுமுத்து சுவரைத் தடவிக்கொண்டே மெல்ல உட்கார்ந்தார். சுவரோரம் கண்ணாடிக் கதவு போட்ட நீளமான அலுமாரி. உள்ளே ஈய முத்திரை போட்ட துணிப்பைகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. வெளிநாட்டுக்குக் கடத்தப் போகிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச்சீட்டு இருந்தது. கந்தப்பளையைச் சேர்ந்த காளியாயியின் பை நான்கு வருஷமாக இருப்பதாகச் சீட்டின் தேதி சொன்னது. நாகலெட்சுமி அதைப் படித்தாள். புருஷனிடம் சொல்லவில்லை.

மத்தியானம் தலைமை மதிப்பீட்டாளர் சிவபாதம் வந்தார். கோட்டு, கழுத்துப்பட்டி, கையில் பூதக்கண்ணாடி. முதல் காசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை எடுத்தவர் பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எல்லாரும் இஞ்ச வாங்கோ!"

எல்லாரும் என்றால் கஜனி, கோபிசங்கர், தேத்தண்ணி கொண்டுவருகிறவர் ஆகிய மூவர். சிவபாதம் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நின்றால் அவருக்குப் பேச்சுத் தமிழ் வராது, மேடைத் தமிழ்தான் வரும்.

"நண்பர்களே! விக்டோரியா மகாராணி நெற்றியில் திலகத்துடன் பொறிக்கப்பட்ட காசு உலகில் எங்குமே பதிவாகவில்லை. இந்து மக்களின் மனம் குளிர வேண்டும் என்று அக்கால அரசு இரகசியமாக வார்த்த தனிவகை இது என்பது என் துணிபு. ஒன்பதிலும் ஒரே இடத்தில் ஒரே குழி. தற்செயல் என்று யார் சொல்ல முடியும்? இவ்வகைக்குப் 'பொட்டு விக்டோரியா' என்று பெயர் சூட்டுகிறேன். இதைக் கண்டுபிடித்தவன் நான்!"

தேத்தண்ணிக்காரர் கை தட்டினார்.

"ஐயா, அந்தப் பொட்டு..." என்று ஆரம்பித்தாள் நாகலெட்சுமி.

"நியாயம் என்பது விற்பவருக்கும் சொந்தமானதன்று, வாங்குபவருக்கும் சொந்தமானதன்று, அது சபைக்குச் சொந்தமானது! ஆறு ஆண்டுகளில் இச்சபைக்கு வந்த ஒரு காசு கூடக் குறைந்த விலைக்கு விற்கப்படவில்லை. எந்த விலைக்குமே விற்கப்படவில்லை! ஒருவர் கூட ஏமாற்றப்படவில்லை. அவர்களின் காசுகள் அனைத்தும் இதோ, எங்கள் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன! இந்தக் காசு ஒன்றின் நியாய விலை நான்கு இலட்சம் ரூபாய் என்று இத்தால் தீர்மானிக்கிறேன்."

ஒன்பது நான்கு முப்பத்தாறு. முப்பத்தாறு இலட்சம். அழகுமுத்து மனைவியின் கையைத் தேடிப் பிடித்தார். அந்த ஒரு நிமிஷம் இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். இல்லையென்று நான் சொல்ல மாட்டேன்.

"ரொம்ப நன்றிங்க ஐயா. எங்களுக்கு அவ்வளவெல்லாம் வேணாங்க. நாளைக்கு ஒரு முப்பத்தாறாயிரம் குடுத்தீங்கன்னா போதும்."

சிவபாதம் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "உங்களுக்கு விளங்கேல்லை அம்மா. நாங்கள் வாங்கிறேல்லை. விலையைத் தீர்மானிக்கிறது மட்டும்தான். அதுக்குக் கட்டணம் விலையில நூற்றுக்கு மூண்டு. ஒரு இலட்சத்து எண்ணாயிரம். அதைக் கட்டினால் காசைக் கொண்டு போகலாம். நாலு இலட்சத்துக்குக் குறைச்சு விக்கவும் கூடாது."

"அவ்வளவு காசு எங்ககிட்ட இருந்தா நாங்க ஏங்க காசு விக்க வாறோம்?"

"எல்லாரும் கேக்கிற கேள்விதான் இது" என்றார் சிவபாதம். கேள்வி பழையது என்பதே அதற்குப் பதில் என்பது போல அறைக்குள் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணி ரயிலில் வந்தார்கள். அழகுமுத்து ஆஸ்பத்திரிப் பையோடு வந்திருந்தார்: ஒரு சாரம், ஒரு துவாய், ஒரு பிளாஸ்டிக் கோப்பை. நான்கு நாளாக நாகலெட்சுமிக்கு வேலைக்குப் பேர் விழவில்லை, சம்பளமும் இல்லை. இன்றைக்கு லீவு கேட்டபோது கண்டாக்கு, "என்னா, ராணியம்மாவுக்கு இன்னும் வெல படியலையா?" என்று கேட்டிருந்தார். லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சபை திறக்க ஒன்பதரை ஆனது. சிவபாதம் பத்தேகாலுக்கு வந்தார். நாகலெட்சுமி அவர் அறை வாசலிலேயே மறித்தாள்.

"ஐயா, வெலயக் கொஞ்சம் கொறச்சுப் போடுங்க. புண்ணியமாப் போகும். ஒரு காசுக்கு நாலாயிரம்னு போடுங்க. போதுங்க."

தன் பொருளின் விலையைக் குறைக்கச் சொல்லி, விற்கிறவளே பேரம் பேசிய வரலாறு வேறு எந்தச் சந்தையிலும் இருக்காது. சிவபாதத்துக்கு முகம் சிவந்தது.

"நியாயத்தில கழிவு கேக்கிறியளோ? நீங்களே உங்களை ஏமாத்தப் பாக்கிறியள். அதை அனுமதிச்சால் சபை எதுக்கு? பதினொண்டரைக்குப் பத்திரிகைக்காரர் வருகினம். அதுக்குப் பிறகு மேன்முறையீட்டுப் படிவம் தாறன். ஆறு மாதத்தில பதில் வரும்."

ஆறு மாதம். நாகலெட்சுமி பெஞ்சில் வந்து விழுந்தாள். சுவர்க் கடிகாரம் பத்தரையைத் தாண்டியது. பத்தே முக்கால் ஆனது. கீழே இருந்து மருந்துக்கடைப் பையன் ஒருவன் ஏறிவந்து, லென்சை வேறு ஆள் கேட்கிறார், பன்னிரண்டரை வரைக்கும்தான் வைக்க முடியும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

"வா நாகு, போயிரலாம்" என்றார் அழகுமுத்து. "பெக்டரி வாசலக் கூட்டுற வேலயாச்சும் குடுக்காமயா போயிருவாங்க? கூட்டுறதுக்குக் கண்ணு என்னாத்துக்கு?"

அவள் அழவில்லை. அவர் அதைத் தமாஷ் மாதிரிச் சொன்னதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

அப்போது கஜனி கோப்புகளை அடுக்குகிற பாவனையில் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தாள். மெல்லிய குரலில், கோப்போடு பேசுவது போலப் பேசினாள்.

"பதினாலாம் விதி ஒண்டு இருக்குது அம்மா. போலிக் காசெண்டால் சபையில ஒரு நிமிசமும் வச்சிருக்கக் கூடாது. கட்டணமில்லாமல் உடன திருப்பிக் குடுக்க வேணும். உந்தப் பொட்டு எப்பிடி வந்தது?"

"நாங்க வச்சதும்மா. புதன்கெழம கூட வச்சேன். இந்தா, குங்குமம்."

கஜனி ஒரு கணம் கோப்பைக் கீழே போடப் பார்த்தாள். பிடித்துக்கொண்டாள். "அப்ப உள்ளதைப் போய்ச் சொல்லுங்கோ. பத்திரிகைக்காரர் வாறதுக்கு முன்னம் சொல்லாதேங்கோ. வந்த பிறகு சொல்லுங்கோ."

பதினொன்று முப்பத்தைந்துக்கு இரண்டு பேர் கெமராவோடு ஏறிவந்தார்கள். நடு மேசையில் வெல்வெட் துணி விரித்து ஒன்பது காசையும் பரப்பியிருந்தார்கள். நாகலெட்சுமி நேராக மேசைக்குப் போனாள். அவளுக்குத் தந்திரம் எதுவும் தெரியாது. கேட்டால் உள்ளதைச் சொல்வாள், கேட்காவிட்டால் செய்து காட்டுவாள்.

"ஐயா, பொட்டு வைக்கிறது ரொம்ப லேசுங்க. இப்புடித்தான்." மேசை ஓரத்தில் சபையின் சொந்தக் காசு ஒன்று காட்சிக்கு இருந்தது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், தாடியோடு. அவருடைய நெற்றியில் குங்குமத்தை அழுத்தினாள். மன்னருக்கு நன்றாகத்தான் இருந்தது.

கெமராக்காரர் ஒருவர், "அக்கா, அத இன்னொரு தடவ செய்யுங்க" என்றார்.

சிவபாதம் பாய்ந்துவந்து கெமராவுக்கு முன்னால் நின்றார். அவருடைய மூளை வேலை செய்கிற சத்தம் எனக்கே கேட்டது. பொட்டு லயத்தில் வைத்த பொட்டு என்றால் கண்டுபிடிப்பும் போச்சு, கோட்டும் போச்சு. ஒரு பெரிய மனுஷர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று ஒப்புக்கொள்வதைவிட, ஒரு சிறிய காசு பொய் சொல்லிவிட்டது என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

"நண்பர்களே!" என்றார். "இன்று இச்சபை ஒரு பெரும் மோசடியை முறியடித்திருக்கிறது. பொட்டு விக்டோரியா என்ற அரிய வகை உலகில் நிச்சயமாக உண்டு. அதைக் கண்டுபிடித்தவன் நான். ஆனால் இவை அதன் போலிகள்! அசல் வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடுவோம்!"

தேத்தண்ணிக்காரர் கை தட்டினார். கஜனி அதற்குள் 'போலி' என்ற முத்திரையைத் தேடி எடுத்து, பையின் சீட்டில் குத்தி, ஒன்பது காசையும் அள்ளிப் பைக்குள் போட்டு முடித்திருந்தாள். பையை நாகலெட்சுமியின் கையில் திணித்தாள்.

"ஓடுங்கோ அம்மா."

மணி பன்னிரண்டாகப் பத்து நிமிஷம். ஒரு கையில் பை, ஒரு கையில் புருஷன். படிகளை அவர் காலால் தேடித் தேடி இறங்கியபோது, அவரைத் தூக்கிக்கொண்டு குதித்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது.

கந்தப்பன் சீட்டைப் படித்தார். சிரித்தார்.

"போலின்னு கவர்மெண்டே சீல் அடிச்சிருக்கே தங்கச்சி. ரெண்டாயிரம் தாறேன்."

"செவ்வாக்கெழம அஞ்சாயிரம்னு சொன்னீங்களே அண்ணே!"

"செவ்வாக்கெழம இது அசல்."

அழகுமுத்து கையை நீட்டி ஒரு காசை எடுத்தார். கண்ணாடி மேசையில் தட்டினார். காசு நீளமாக மணியடித்தது. "இது வெள்ளிங்க மொதலாளி. எனக்குக் கண்ணுதான் தெரியாது. காது நல்லாக் கேக்கும். ஒங்களுக்கும் கேக்கும்" என்றார்.

கந்தப்பன் அவருடைய கண்ணைப் பார்த்தார். கையில் இருந்த ஆஸ்பத்திரிப் பையைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். வியாபாரிக்கு அடுத்தவருடைய அவசரம் தராசை விடத் துல்லியமாகத் தெரியும்.

"நாலாயிரம். கடைசி. அந்தச் சீட்டையும் குடுத்துட்டுப் போங்க."

ஒன்பது நான்கு முப்பத்தாறு. அதே கணக்கு, சைபர்தான் குறைவு. நியாய விலையைத் தேடியதில் ஒன்பதாயிரம் நட்டம், நான்கு நாள் பேர் தனி. நாகலெட்சுமி எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஓடினாள். மருந்துக்கடையில் பன்னிரண்டு இருபத்தைந்து. வார்டில் ஒரு மணியாக எட்டு நிமிஷம். தாதி முறைத்துவிட்டுக் கட்டிலைக் காட்டினாள்.

பத்து நாள் கழித்து, கண்ணைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது இருவரும் பஸ் நிலையத்துக்கு அந்தத் தெரு வழியாகவே இறங்கினார்கள். அழகுமுத்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைக் கழற்றி, பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். கந்தப்பன் கடைக்கு எதிரே, தெருவுக்கு இந்தப் பக்கத்தில், நின்றுவிட்டார்.

கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் நீல வெல்வெட்டில் ஒரே ஒரு காசு இருந்தது. அதன் நெற்றியில் புதுக் குங்குமம். பக்கத்தில் சட்டம் போட்டு, தெருவுக்கே தெரிகிற எழுத்தில் ஒரு சான்றிதழ்: 'அசல் பொட்டு விக்டோரியா. தேடிக் கண்டுபிடித்தவர்: சிவபாதம், தலைமை மதிப்பீட்டாளர்.' கீழே பொடி எழுத்தில் விலைச்சீட்டு.

நாகலெட்சுமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "திருட்டுப் பசங்க! பாத்தீங்களா? நம்ம ராணியம்மாங்க அது!"

அழகுமுத்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு காலை முன்னால் வைத்து, கழுத்தை நீட்டி, விலைச்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது.

"நாலு" என்றார். "அப்புறம் ஒரு சைபர். ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு சைபர், நாகு."

இடையில் ஒரு பஸ் போனது. போகும்வரைக்கும் நின்று, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். அஞ்சுதான்.

அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். அந்தச் சீட்டு அவளுக்கே வெள்ளையாக மட்டும்தான் தெரிந்தது. தெருவின் அகலத்தைப் பார்த்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு மேலே கண்ணீர் வழிந்து இறங்கியது.

"ஏங்க" என்றாள், "இன்னொருக்கா எண்ணுங்க."